வளர்ப்புச் சுண்டெலிக்குக் கூண்டு: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்

கடையில் வெள்ளைச் சுண்டெலி வாங்கியவர்கள் பெரும்பாலும் அங்கேயே கைக்கு எட்டிய ஏதோ ஒரு கூண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேள்விகள் அதற்கப்புறம்தான் கிளம்புகின்றன. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு கூண்டைப் பற்றியது. தீனி, நோய் பற்றியெல்லாம் கூண்டோடு ஒட்டிய அளவுக்குத்தான் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் எலி தப்பி ஓடிவிடுமே என்று கவலைப்பட்டு, நாலு பக்கமும் அடைத்து வைக்கிறார்கள். நம் வெயிலில் அந்த அடைப்பே அதைக் கொன்றுவிடும். காற்று வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வழியில் சரியான வலையை அடித்தால் காவலும் கூடவே வந்துவிடும்.

வாங்கியது சுண்டெலிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வளர்ந்த சுண்டெலி வாலை விட்டுவிட்டு 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எடை 20 முதல் 40 கிராம். வெள்ளைப் பெரிய எலி வளர்ந்தால் கால் கிலோவைத் தாண்டும். பெரிய எலியின் குட்டியைச் சுண்டெலி என்று நினைத்து வாங்கி வருவதும் நடக்கிறது. தலை மழுங்கலாகவும் பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகவும் இருந்தால் அது பெரிய எலியின் குட்டி. கீழே சொல்லும் அளவுகள் சுண்டெலிக்கு மட்டும்.

வீட்டில் பழைய கிளிக்கூண்டு கிடக்கிறது. அதிலேயே விடலாமா?

வேண்டாம். கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் செய்த கூண்டில் கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலமோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். சுண்டெலிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பென்சில் போகிற ஓட்டை போதும். அந்தக் கூண்டுகளுக்குத் தரையும் கம்பிதான். அதில் நாள் முழுக்க நடந்தால் பாதம் புண்ணாகும். சுண்டெலிக்குக் கட்டாயம் கெட்டியான தரை வேண்டும்.

கோழி வலை அடித்த கூண்டும் உதவாது. அதன் கண் இன்னும் பெரிது.

அப்போ மீன்தொட்டி?

காவலுக்கு மீன்தொட்டியை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கண்ணாடியில் ஏறவும் முடியாது, அதைக் கடிக்கவும் முடியாது. காற்றுக்குத்தான் மோசம். நாலு சுவரும் அடைத்திருக்க, மேலே மட்டும் திறப்பு. சுண்டெலியின் சிறுநீர் படுக்கையில் ஊறி, அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. வெக்கையும் ஈரமும் கூடினால் இது இன்னும் வேகமாக நடக்கும். குறுக்கே காற்று ஓடாத தொட்டியில் அந்த அம்மோனியா அடியிலேயே, எலியின் மூக்கு இருக்கும் உயரத்திலேயே தேங்குகிறது. சுண்டெலிகளில் பலவற்றுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி மூச்சுக்குழாயில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும். அம்மோனியா மூக்கின் உள்தோலை அரித்தால் அது நோயாகக் கிளம்பிவிடும். தும்மல், மூச்சுவிடும்போது கிளிக் கிளிக் என்ற சத்தம், சிலிர்த்த முடி எல்லாம் அதன் அடையாளங்கள்.

தொட்டிதான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஓர் அடிக்கு மேல் உயரமில்லாததாகப் பாருங்கள். மூடி முழுவதும் வலையாக இருக்கட்டும், படுக்கையை அடிக்கடி மாற்றுங்கள். சன்னல் வெயில் அதன் மேல் ஒரு பொழுதும் விழக்கூடாது.

எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

மூன்று பெண் சுண்டெலிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம் என்பது குறைந்தபட்சம். அகலம் ஒன்றரை அடியானால் அவற்றுக்கும் நிம்மதி, உங்களுக்கும் சுத்தம் செய்வது எளிது. உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்தே ஓர் அடி தாவக்கூடிய பிராணி இது; மேலே திறந்த பெட்டியெல்லாம் கதைக்கு ஆகாது.

எண்ணிக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் காற்றோட்டத்தைக் கெடுப்பதில் முதலிடம் நெரிசலுக்குத்தான். பெண்கள் கூட்டாக இருக்கும். வளர்ந்த ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் பெரும்பாலும் ரத்தக்காயம்தான். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் 19 முதல் 21 நாளில் குட்டி, ஈன்ற நாளிலேயே மறுபடியும் சினை. மூன்று எலிக்குக் கணக்குப் பார்த்து வைத்த காற்று, பதினைந்துக்கு எப்படிப் போதும்? பெண்களை மட்டும் வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

"அண்ணாச்சி, நாமளே செய்யணும்னா எதுல செய்யலாம்? பிளாஸ்டிக்கை அது கடிச்சிராதா?"

துணி, பாத்திரம் போட்டுவைக்கும் 80 லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி, மூடியோடு. இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. எலி வழவழப்பான சுவரைக் கடிப்பதில்லை. பல்லுக்குப் பிடி கிடைக்கும் விளிம்பைத்தான் கடிக்கும். ஆகவே விளிம்பு எதுவும் உள்ளே தெரியாமல் செய்தால் போதும். இந்த வேலையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

மூடியின் நடுப்பகுதியை, சுற்றிலும் இரண்டு அங்குல ஓரம் விட்டு வெட்டி எடுங்கள். அப்புறம் நீளவாக்கில் உள்ள இரண்டு சுவரிலும் எதிரெதிராக ஒவ்வொரு சன்னல். சன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்து அங்குலத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கை எல்லாம் வெளியே கொட்டும். எதிரெதிர் சன்னல் எதற்கு? ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும். சூடான காற்று மூடி வழியாக மேலே போகும். ஒரே ஒரு சன்னல் வைத்தால் காற்று வாசலிலேயே நின்றுவிடும்.

வெட்டுவதற்கு நாலு மூலையிலும் ட்ரில்லால் துளை போட்டுக்கொண்டு ஹேக்ஸா பிளேடால் அறுக்கலாம். சூடான கம்பியால் உருக்கி வெட்டுகிறவர்கள் தட்டட்டியிலோ (மொட்டைமாடி) வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

வலையைச் சன்னலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாகத் தகரக் கத்தரியால் வெட்டி, கூரான முனைகளை வெளிப்பக்கமாக மடக்கி, பெட்டியின் உட்புறத்தில் வையுங்கள். சிறிய போல்ட்டின் வழவழப்பான தலை உள்ளே, அகலமான வாஷரும் நட்டும் வெளியே. மூன்று அங்குலத்துக்கு ஒரு போல்ட் போட்டால் நடுவில் விலகாது. பசை வைத்து ஒட்டுவதோ பிளாஸ்டிக் டேக் கட்டுவதோ நிற்காது, உள்ளிருந்து ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கட்டுக்கம்பி வேண்டுமானால் பரவாயில்லை, முறுக்கிய முனை வெளியே இருக்கும்படி கட்டுங்கள்.

பெட்டியோடு வரும் கிளிப்புகள் வெயிலில் நாளடைவில் தளர்ந்துபோகும். மூடிக்கு இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி அடித்துவிடுங்கள். எலி மூடியைத் தூக்காது. பூனையும் வீட்டுக்கு வரும் பிள்ளைகளும் தூக்குவார்கள்.

இரும்புக்கடையில் என்ன வலை என்று கேட்பது?

கால் அங்குல சதுரக் கண் வெல்டட் மெஷ் என்று கேளுங்கள். அளவுகோலைக் கையில் கொண்டுபோங்கள்; அரை அங்குலத்தை எடுத்துக் கொடுத்து "இதுதான் எலி வலை" என்பார்கள். அது பெரிய எலிக்கு ஆகும், இதற்கு ஆகாது. கண் திறந்து ஓடத் தொடங்கிய குட்டிகள் கால் அங்குல வலையில்கூட நழுவக்கூடும் என்பதால், குட்டி போட்டிருந்தால் சன்னலுக்குக் கீழே முழுச் சுவர் இருக்கும் பெட்டி இன்னும் அவசியம்.

சன்னலுக்கு அடிக்கும் நைலான், ஃபைபர் கொசுவலையை நிமிஷத்தில் கத்தரித்துவிடும். அலுமினிய வலையும் தாங்காது. எவர்சில்வர் கொசுவலை தாங்கும். விலை கூடுதல், கண் சிறிது என்பதால் காற்றும் கொஞ்சம் குறையும். கொசுத்தொல்லை மிகுந்த வீட்டில் மூடிக்கு மட்டும் அதைப் போடலாம்.

துத்தநாகம் பூசிய புது வலையில் வெள்ளைப்பொடி போல இருப்பது, எலி நக்கினால் உடம்புக்கு ஆகாது. வினிகர் கலந்த தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகு அடியுங்கள்.

ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்தால் என்ன?

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிறுநீர் மரத்தில் ஊறிவிட்டால் எதைப் போட்டுக் கழுவினாலும் வாடை போகாது. சுவருக்குப் பிளைவுட் இன்னும் மோசம். சட்டத்துக்கு மட்டும் மரம் வைத்து, உட்புறம் முழுக்க வலை அடித்து, அடியில் இழுத்தெடுக்கும் தகரத் தட்டோ பிளாஸ்டிக் தட்டோ வைப்பதென்றால் சரி. தட்டின் உயரம் நாலு, ஐந்து அங்குலம் இருக்கச் சொல்லுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விடும் சந்து ஒரு நூலுக்கு (கால் அங்குலத்தில் பாதி) மேல் போகக்கூடாது என்பதையும் ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி, கோடையில் சுருங்கும்போது அந்தச் சந்துதான் திறக்கும்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

நம் பக்கத்துப் பழைய வீடுகளை எடுத்துக்கொண்டால் தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு (உள்ளறை), அடுப்பங்கரை என்று வரிசையாக இருக்கும். அரங்கு இருட்டாகவும் குளுமையாகவும் இருப்பதால் எலிக்குப் பிடிக்கும் என்று அங்கே கொண்டு வைப்பார்கள். வேண்டாம். சன்னல் இல்லாத அறையில் எவ்வளவு நல்ல கூண்டும் வீண். வெளியே ஓடும் காற்று இருந்தால்தானே உள்ளே ஓடும்? அடுப்பங்கரையில் தாளிக்கும் புகை வரும். அதுபோக, தீனிப் பண்டம் இருக்கும் இடத்தில் எலிக்கூண்டு கூடாது.

தார்சாவில் வைத்தால் ஆனி, ஆடியில் மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இரைந்துகொண்டு வந்து புழுதியை அள்ளிக் கொட்டும். சாலையோர வீடென்றால் சொல்லவே வேண்டாம். ஆக, பட்டாசலில், உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு மேசை. சுவருக்கும் கூண்டின் சன்னலுக்கும் நடுவே அரை அடி இடம் விடுங்கள். பலர் சன்னலைச் சுவரோடு ஒட்டிவைத்து அடைத்துவிடுகிறார்கள்.

தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீடு, தட்டட்டிக்கு நேர் கீழே உள்ள மாடி அறை இவையெல்லாம் பகலில் வெளியைவிடச் சூடாகும். அங்கே வைக்காதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். சிவப்புக் கண் வெள்ளை எலிக்கு விழித்திரையில் நிறமி இல்லாததால் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைக்காமல் பாருங்கள். நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். எலி விரட்ட என்று விற்கும் ஒலிக்கருவியைப் பக்கத்து அறையில் மாட்டியிருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலை எப்படிச் சமாளிப்பது?

இதுதான் எனக்கு எப்போதும் கவலை தரும் கேள்வி. சுண்டெலிக்கு உகந்தது 20 முதல் 26 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினால் தவிக்கும், 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பாளையங்கோட்டையில் அந்த மாதங்களில் 38, 39 டிகிரி சாதாரணம்.

சுண்டெலிக்கு நம்மைப் போல வியர்க்காது. வால் வழியாகச் சூட்டை வெளியேற்றும், முற்றினால் எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். அதனால் மின்விசிறியைக் கூண்டுக்கு நேராகத் திருப்பிவைத்தால் நமக்குக் கிடைக்கும் சுகம் அதற்குக் கிடைக்காது; படுக்கைத் தூசிதான் பறக்கும். அறைக்குள் காற்றைச் சுற்றவிடும் அளவுக்கு விசிறி ஓடினால் போதும்.

பலன் தருவது தொட்டால் குளிரும் பொருள்கள். கூண்டின் ஒரு மூலையில் கடப்பா கல் துண்டு அல்லது தரையில் பதிக்கும் ஓடு (டைல்) ஒன்று வையுங்கள். வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். காருகுறிச்சி மண்பாண்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படி ஒரு சின்ன மண்கலயத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதி புதைத்தால் அதைவிட நல்ல வீடு கிடையாது. பூச்சு, சாயம் இல்லாத வெறும் மண்ணாக இருக்கட்டும். மதியத்தில் கூண்டுக்கு வெளியே, ஒரு சன்னல் பக்கம் மட்டும், ஈரத்துணியைத் தள்ளித் தொங்கவிடுங்கள். சன்னலின் மேலேயே போட்டு மூடினால் காற்று நின்று புழுக்கமாகிவிடும். ஃப்ரிட்ஜில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கலாம். குளிர்ச்சி ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், வேண்டுமென்றால் எலியே போய்க்கொள்ளும். ஏசி அறையை மட்டும் நம்பாதீர்கள், கரண்ட் போனால் அந்த அறைதான் முதலில் வேகும்.

எலி கைகால் நீட்டிப் படுத்து, கழுத்து முடி எச்சிலில் நனைந்து, வேகமாக மூச்சு வாங்கினால் வெப்பம் தாக்கிவிட்டது. உடனே குளுமையான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் வாலையும் பாதத்தையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கவே கூடாது.

சாரலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும்?

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனியிலேயே ஈரக்காற்று தொடங்கிவிடும். எலிக்கு அந்தக் குளுமை இதம். படுக்கைதான் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். சன்னலை அடைக்காமல், மழை தெறிக்கும் பக்கத்திலிருந்து கூண்டைத் தள்ளிவைத்து, படுக்கையை இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள். கூடு கட்டத் தாள் கொஞ்சம் அதிகம் போடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆற்றங்கரைப் பக்கம் இருப்பவர்கள் கைப்பிடியுள்ள சின்னப் பெட்டி ஒன்றை, இதே வலை அடித்து, பரண் மேல் தயாராக வைத்திருக்க வேண்டும். பெரிய கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பயணத்துக்கும் அதுவே ஆகும்.

உள்ளே படுக்கைக்கு என்ன போடுவது?

அச்சில்லாத தாளைக் கிழித்து நாலு அங்குலக் கனத்துக்கு. மரமில் தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். உமியும் தூசிதான், அதோடு கண்ணைக் குத்தும். இழைப்புளிச் சீவல் போடுவதாக இருந்தால் வாசனை வீசும் மரமாக இருக்கக் கூடாது.

ஒளிந்துகொள்ள சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். சாயம் போடாத ஓலைக் கொட்டான் கிடைத்தால் கொடுத்துப் பாருங்கள். முதலில் அதில் தூங்கும், அப்புறம் அதையே கடித்துக் கூடு கட்டிக்கொள்ளும். ஓடும் சக்கரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல், அடைத்த தரை உள்ளதாக இருக்கட்டும். கம்பிச் சக்கரத்தில் வாலும் காலும் மாட்டும்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் நாற்றம் போகவில்லையே?

அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதாலும் இருக்கலாம். தன் வாடை முழுக்கப் போய்விட்டால் எலி, முக்கியமாக ஆண், புதிதாக எல்லா இடத்திலும் சிறுநீர் தெளிக்கத் தொடங்கும். ஒன்றாக இருப்பவை சண்டையும் போடும். ஈரமான மூலையை ஓரிரு நாளுக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். மொத்தமாக மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து காய்ந்த ஒரு பிடியைப் புதிதில் போட்டுவிடுங்கள்.

கூண்டுமட்டத்துக்குக் குனிந்து, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிகிற மாதிரி இருந்தால் படுக்கையை மாற்றுவதோடு நிற்காமல் இன்னொரு சன்னல் வெட்டுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி காட்டி நாற்றத்தை மறைப்பது அதன் மூச்சுக்கு இரட்டைத் தண்டனை. கொசுவத்தியும் அந்த அறையில் வேண்டாம். பாச்சை உருண்டை விஷம், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

எறும்பு வருகிறது. சாக்பீஸ் போடலாமா?

எறும்புச் சாக்கில் பூச்சிமருந்து இருக்கிறது, கூடாது. மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். நம் வீடுகளில் பலகாரத்துக்குச் செய்வதுதான். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் டெங்குக் கொசுவும் முட்டையிட்டுப் பெருகாது. மேசை சுவரைத் தொடாமல் நிற்கட்டும். கண் திறக்காத குட்டிகள் இருக்கும்போது எறும்பு உள்ளே புகுந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பூனை, பாம்பு?

கால் அங்குல வலைக்குள் பூனையின் கை போகாது. மூடி மேல் ஏறி உட்கார்ந்தால் வலை தொய்யும், எலிக்கும் அந்த வாடையே பயம். பூனை ஏறமுடியாத இடமாகப் பாருங்கள், முடியாவிட்டால் அறைக்கதவைச் சாத்துங்கள்.

சாரை எலி வாடைக்கு வரும், ஆகவே கூண்டை வெளியே, மாட்டுத்தொழுவிலோ பின்வாசலிலோ வைக்காதீர்கள். கழிவுநீர் போகும் அங்கணக்குழிக்கு ஜாலி போடுங்கள், வாசற்படிக்கும் கதவுக்கும் இடையே சந்து இருந்தால் அடையுங்கள். சிந்தின தீனியை ராத்திரி கூட்டி எடுத்துவிட்டால் வீட்டு எலியும் வராது, அதைத் தேடிப் பாம்பும் வராது.

"எங்க ஆச்சி எலிக்காய்ச்சல் வரும்னு பயப்படுதாங்க."

ஆச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி எலிகளின் சிறுநீரில் வரும். அதனால்தான் காட்டு எலியும் வீட்டு எலியும் கூண்டை நெருங்காதபடி உயரத்தில் வைக்கச் சொல்கிறேன். வெளி எலியைப் பிடித்து வளர்ப்பதோ வளர்ப்பு எலியோடு சேர்ப்பதோ வேண்டவே வேண்டாம். கூண்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையில் புண் இருந்தால் உறை போடுங்கள். வீட்டில் மாசமாக இருப்பவர்கள் இருந்தால் அவர்கள் கூண்டைச் சுத்தம் செய்யக்கூடாது. சுண்டெலி வழியாக வரும் ஒரு வைரஸ் வயிற்றுப்பிள்ளையைப் பாதிக்கும்.

கூண்டிலிருந்து தப்பிவிட்டது, என்ன செய்வது?

முதலில் அறைக்கதவைச் சாத்தி, அடிச்சந்தில் துணியை அடையுங்கள். வீட்டில் எலி மருந்தோ ஒட்டும் அட்டையோ வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உயரமான குடமோ வாளியோ எடுத்து, அடியில் அதன் பழைய படுக்கையும் கொஞ்சம் கம்புத் தானியமும் போட்டு, ஏறுவதற்குப் புத்தகங்களைப் படி போல அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். சுவர் ஓரமாகவே ஓடுகிற பிராணி, அதனால் வாளியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிடித்ததும் வாலின் நுனியைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். இரண்டு கையையும் குவித்து அள்ளுங்கள். கூண்டுக்குள் விடும் முன்பு டார்ச் அடித்து எந்தச் சந்தில் வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மூடியின் மூலையாகவோ தண்ணீர் பாட்டில் நுழைக்கப் போட்ட துளையாகவோ இருக்கும். அந்தத் துளைக்கு ஒரு வாஷரை மாட்டி முடுக்கினால் சரியாகிவிடும்.